சார்ஜன்டும் கோப்ரலும்
அமெரிக்கக் குடியரசின் முதற்படையிலே கீழ்நிலைத் தலைவர் உருவான வரலாறு

கல்லூரிக் காலத்திலே கடேற் படையிற் பயின்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் புரட்டுவர். அவருட் பலர்க்குத் தம் கப்டனின் முகங்கூட மறந்திருத்தல் கூடும். சார்ஜன்டின் குரல் மறந்திராது. காலைப் பயிற்சியிலே வரிசை பிசகியவனைப் பெயர் சொல்லி அழைத்தவரும், சப்பாத்தின் தூசியைக் கண்டுபிடித்தவரும், முகாமிலே காய்ச்சற்காரனுக்கு வெந்நீர் கொண்டுவந்தவரும் அவரே. அத்தகையார் ஒரு நாட்டின் முதற்படையிலே எவ்வாறு தோன்றினர் என்பதை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

படைகளிலே அதிகாரம் இருவகைப்படும். அரசின் ஆணைப்பத்திரம் பெற்று அதிகாரியாவோர் ஒரு சாரார். லெப்டினன்ட், கப்டன், மேஜர், கேர்ணல் என்போர் இவர். சாதாரண வீரராய்ச் சேர்ந்து, அவ்வீரருள்ளிருந்தே பொறுக்கியெடுக்கப்பட்டு, அப்பத்திரமின்றியே அதிகாரஞ் செலுத்துவோர் மற்றொரு சாரார். சார்ஜன்ட், கோப்ரல் என்போர் இவருள் அடங்குவர். இவரைக் கீழ்நிலைத் தலைவர் என யாம் வழங்குவோம். சார்ஜன்ட் என்பது ஊழியஞ் செய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிரெஞ்சு மொழிவழி வந்தது. கோப்ரல் என்பது தலையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லடியாகப் பிறந்ததென்பர். ஒன்று ஏவல் செய்வானைக் குறித்தது. மற்றொன்று தலைவனைக் குறித்தது. ஒருவனே இரண்டுமாதல் வேண்டும் என்பதே இப்பதவியின் இடர்ப்பாடு. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இது விளங்கும். மாணவருள் ஒருவனாயிருந்தே மாணவரை அடக்குவான் அவன். யாழ்ப்பாணத்திலோ அச்சொல் வளர்ந்து, ஆசிரியரையே சட்டம்பியார் என அழைக்கும் வழக்கும் உண்டாயிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1775ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் லெக்சிங்டன், கொன்கோட் என்னும் ஊர்களில் ஆங்கிலப் படைக்கும் குடியேற்ற நாட்டுக் குடிப்படையினர்க்கும் போர் மூண்டது. அதன்பின் புதிய இங்கிலாந்துப் பகுதியின் உழவரும் கம்மியரும் திரண்டு பொஸ்டன் நகரை வளைத்துக்கொண்டனர். அது கூட்டமேயன்றிப் படையன்று. பிலடெல்பியாவிற் கூடிய காங்கிரஸ் யூன் 14ஆம் நாள் பத்துத் துப்பாக்கிக் கம்பனிகளைச் சேர்க்கத் தீர்மானித்தது. பென்சில்வேனியா ஆறும், மேரிலாந்து இரண்டும், வேர்ஜீனியா இரண்டும் தரவேண்டுமென வகுத்தது. மறுநாளே ஜோர்ஜ் வாஷிங்டன் தலைமைத் தளபதியாகத் தெரியப்பட்டார்.

அத்தீர்மானத்தை ஊன்றி நோக்குதல் தகும். ஒரு கம்பனிக்கு ஒரு கப்டன், மூன்று லெப்டினன்ட், நான்கு சார்ஜன்ட், நான்கு கோப்ரல், பேரிகை அல்லது எக்காளம் முழக்குவோன் ஒருவன், சாதாரண வீரர் 68 பேர் என அது வரையறுத்தது. சம்பளமும் அதிலேயே குறிக்கப்பட்டது. மாதமொன்றுக்குக் கப்டனுக்கு 20 டொலர். சார்ஜன்டுக்கு 8 டொலர். கோப்ரலுக்கு ஏழேகால் டொலருக்குச் சற்று மேல். வீரனுக்கு ஆறே மூன்றில் இரண்டு பங்கு டொலர். கப்டனுக்கும் சார்ஜன்டுக்கும் இடையே 12 டொலர் தூரம். சார்ஜன்டுக்கும் வீரனுக்கும் இடையே ஒன்றேகால் டொலருக்குச் சற்று மேற்பட்ட தூரம். சட்டம் அவனை எப்பக்கத்திலே நிறுத்தியது என்பது இக்கணக்கினாலேயே தெளிவாகும். எட்டொன்பது பேர்க்கு ஒரு கீழ்நிலைத் தலைவன் வீதம் அமைத்தும், அவர்களோடு உண்டு உறங்குபவனாகவே அவனை விட்டனர்.

இப்பதவிகள் புதியனவல்ல. ஆங்கிலேயக் குடியேறிகள் தம் நாட்டு முறையைக் கொண்டுவந்து, ஊர்க் குடிப்படைகளிலே சார்ஜன்டையும் கோப்ரலையும் நெடுங்காலமாக வைத்திருந்தனர். புதிதாயிருந்தது மனிதரின் உறவு. இங்கிலாந்துப் படையிலே அதிகாரி உயர்குடியினர். சார்ஜன்ட் பல்லாண்டு சேவித்துப் பழகிய முதியவன். வீரனுக்கு அவன் அயலானல்லன். பொஸ்டன் முற்றுகையிலோ ஒரே ஊரவர் ஒரே கம்பனியில் நின்றனர். தம் அதிகாரிகளைத் தாமே தெரிந்துகொள்ளும் வழக்கமும் குடிப்படைகளிலே இருந்தது. நேற்றுவரை மாடு வாங்கி விற்றவன் இன்று நிமிர்ந்து நில் என்றால், ஏன் நிற்கவேண்டுமெனக் கேளாதிருப்பானோ?

1775 யூலை 3ஆம் நாள் கேம்பிரிட்ஜில் தலைமையேற்ற வாஷிங்டன் இதனைக் கண்டு வருந்தினார். சீருடை இன்மையால் யார் அதிகாரி, யார் வீரன் என்பதும் தெரியவில்லை. யூலை 23ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். மேலதிகாரிகள் தொப்பியிலே நிறப்பட்டி அணியவேண்டும். சார்ஜன்டுகள் வலத்தோளிலே சிவப்புத் துணித்துண்டு தைத்துக்கொள்ளவேண்டும். கோப்ரல்கள் பச்சைத்துண்டு தைத்துக்கொள்ளவேண்டும். இன்று உலகப் படைகளிலே காணும் பட்டிகளையும் சின்னங்களையும் நோக்க, அவ்வறிய முகாமிலே ஊசியும் நூலுங் கொண்டு தைத்த சிவப்புத் துண்டு எளியதே. ஆயினும் துணியைத் தோளிலே தைக்கலாம். மதிப்பை எங்ஙனம் தைப்பது? அடியினால் உண்டாக்கலாமென்றுஞ் சிலர் எண்ணினர். 1775இல் 39 கசையடிக்கு மேற்படாதிருந்த தண்டனையை 1776இல் 100 அடிவரை காங்கிரஸ் உயர்த்தியது. ஓட்டம் அதனால் நின்றபாடில்லை.

இதனினும் பெரிய இடையூறு காலவரையறை. முதற்படையினர் பெரும்பாலும் 1775 முடிவு வரையே சேர்ந்தவர். தவணை முடிந்ததும் வீடு செல்லத் தொடங்கினர். பகைவன் கண்ணெதிரே நிற்கப் பழையபடையைக் கலைத்துப் புதுப்படை திரட்டிய தொல்லையை வாஷிங்டன் பட்டார். ஓராண்டிலே நல்ல சார்ஜன்ட் உருவாதல் அரிது. உருவாகுமுன் அவன் தவணை முடிந்துவிடும். எனவே 1776 செப்ரெம்பர் 16ஆம் நாள் காங்கிரஸ் 88 பட்டாளங்களை நீண்டகாலத்துக்குச் சேர்க்கத் துணிந்தது. பின்னர் மூன்றாண்டு அல்லது போர் முடியும்வரை என்னுந் தொடர் சேர்க்கைப் பத்திரங்களிலே இடம்பெற்றது. அல்லது என்னும் இவ்விடைச்சொல் எவ்வளவு இரத்தஞ் சிந்தவைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம். இலக்கணம் கற்பிப்போர் இடைச்சொல்லை எளிதாய் எண்ணலாகாது.

1777 டிசெம்பர் 19ஆம் நாள் வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவிலுள்ள வாலி போர்ஜ் என்னும் இடத்திற் குளிர்காலத்துக்காகத் தங்கிற்று. அதற்கு முதல்நாளே நாடு முழுதும் நன்றித்திருநாள் கொண்டாடப்பட்டது. அன்று வீரர்க்குக் கிடைத்த விருந்து அரைக் கைப்பிடி அரிசியும் ஒரு கரண்டி காடியும் எனப் பதினேழு வயதுப் போர்வீரனொருவன் முதுமையிலே நினைவு கூர்ந்து எழுதியுள்ளான். அவன் பெயர் யோசப் பிளம் மார்ட்டின். அக்குளிர்கால முகாமிலே ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். அவரைக் கொன்றது பகைவர் குண்டன்று, நோயே. குடிசைகளின் அழுக்கும், கழிவிடம் ஒழுங்கின்மையும், துணியின்மையும் நோயை வளர்த்தன. குடிசைதோறும் சென்று இதனைச் செய், அதனைச் செய்யாதே என்று சொல்லவேண்டிய கீழ்நிலைத் தலைவனுக்கு, தன் கடமை இன்னதென ஒருவருஞ் சொல்லவில்லை. ஒவ்வொரு பட்டாளமும் ஒவ்வொரு வகையாய் நடந்தது.

1778 பெப்ருவரி 23ஆம் நாள் அம்முகாமுக்கு ஒருவர் வந்தார். பிரஷ்ய நாட்டினரான பிரடெரிக் வில்லியம் வொன் ஸ்டூபன் என்பவர். மகா பிரடெரிக் மன்னனின் படையிலே கப்டனாயிருந்தவர். பாரிசிலிருந்த பெஞ்சமின் பிராங்கிளின் முதலியோர் இவரை லெப்டினன்ட் ஜெனரலாயிருந்தவர் என்று பரிந்துரைத்திருந்தனர். அஃது உண்மையன்று, எனினும் அப்பொய்யினால் அந்நாடு பெற்ற நன்மை பெரிது. இவர்க்கு ஆங்கிலம் வாராது. தாம் பிரெஞ்சிலெழுதிய பாடங்களைப் பிறர் ஆங்கிலமாக்க, இரவு எழுதியதை மறுநாள் கற்பித்தார். மார்ச்சு 19ஆம் நாள் ஏறக்குறைய நூறுபேர் கொண்ட மாதிரிக் கம்பனியொன்றைத் தாமே நின்று பயிற்றத் தொடங்கினார். கோபம் மிகும்போது ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் வைதுவிட்டு, ஆங்கிலத்திலும் வையும்படி பெஞ்சமின் வோக்கர் என்னும் கப்டனை வேண்டுவாராம். வீரர் சிரித்தனர், சிரித்துக்கொண்டே கற்றனர். இவ்வுத்தி எம்போன்ற ஆசிரியர்க்கு ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் கற்பிக்கப்படவில்லை.

ஆங்கிலப் படை வழக்கிலே பயிற்சி கொடுத்தல் சார்ஜன்டின் வேலை; அதிகாரி அதனைத் தம் மதிப்புக்குக் குறைவாக எண்ணுவார். அமெரிக்க அதிகாரியும் அதனையே பின்பற்றினர். ஸ்டூபனோ தாமே துப்பாக்கியைக் கையிலேந்தி, பிடிக்கும் விதத்தைக் காட்டினார். அதிகாரிகள் நாணித் தாமுங் களத்திலிறங்கினர். சார்ஜன்டின் வேலை இதனாற் குறைந்ததோவெனின், இல்லை. ஏவுவோன் ஒருவன், வேலை செய்வோன் ஒருவன் என்றிருந்த பிளவு நீங்கியது. மேலோனும் கீழோனும் ஒரே பாடத்தை ஒரே சொல்லாற் கற்பித்தனர். ஐரோப்பாவிலுள்ள நண்பர்க்கு எழுதியபோது, உங்கள் வீரனுக்கு இதைச் செய் என்றாற் போதும், இந்நாட்டவனுக்கு இன்ன காரணத்தால் இதைச் செய் என்று விளக்கவேண்டும், பின்னரே செய்வான் என்னும் கருத்துப்பட ஸ்டூபன் எழுதினார். காரணஞ் சொல்லவேண்டிய படையிலே, வீரனுக்கு அண்மையிலுள்ள தலைவன் காரணம் அறிந்தவனாதல் இன்றியமையாதது. அமெரிக்கச் சார்ஜன்ட் பிறந்தது இவ்விடத்திலேயே என்பது எம் துணிபு. அவ்வாண்டு யூன் 28ஆம் நாள் மொன்மத் என்னுமிடத்தில், முன்னணி பின்வாங்கிய பின்னரும், முதன்மைப் படை வரிசை குலையாது நின்று பொருதமை பயிற்சியின் பயனைக் காட்டிற்று.

அடுத்த குளிர்காலத்திலே பிலடெல்பியாவிலிருந்து ஸ்டூபன் ஒழுங்குவிதி நூலொன்றை இயற்றினார். 1779 மார்ச்சு 29ஆம் நாள் காங்கிரஸ் அதனை ஏற்றது. போர்க்காலத்து முட்டுப்பாட்டால் நூலுக்கு நீலத்தாளே மேலுறையாயிற்று. ஆதலின் நீலநூல் என்னும் பெயர் பெற்றது. அதன் பிற்பகுதியிலே பட்டாளத் தலைவன் முதற் சாதாரண வீரன் ஈறாக ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை தனித்தனி அறிவுரையாக எழுதப்பட்டுள்ளது. அமெரிக்கப் படை முழுவதற்கும் பொதுவாகக் கீழ்நிலைத் தலைவரின் கடமைகள் எழுத்தில் வந்தது இந்நூலிலேயே.

அந்நூல் அவரை ஐந்து படியாக வகுக்கின்றது. பட்டாளம் முழுவதற்கும் சார்ஜன்ட் மேஜர் ஒருவர். உள்நிருவாகமும் ஒழுக்கமும் அவர்க்குத் தண்ணீர்பட்ட பாடாயிருத்தல் வேண்டும். யார்க்கு எப்போது காவல்முறை என்ற கணக்கு அவருடையது. குவாட்டர்மாஸ்டர் சார்ஜன்ட் கூடாரத்துக்கும் பொதிக்கும் பொறுப்பாளி. கம்பனிக்கொரு முதற்சார்ஜன்ட் உண்டு. இவரைப் பற்றிய பகுதியே எம் மனத்தைப் பெரிதுங் கவர்ந்தது. இவரைக் கம்பனி அதிகாரிகள் தெரிந்தெடுப்பர். கம்பனியிலுள்ள ஒவ்வொருவனுடைய பெயர், வயது, உயரம், அடையாளம் என்பன எழுதிய ஏட்டைக் கப்டனின் கண்காணிப்பில் இவர் வைத்திருப்பார். நாளாணைகளை வேறோரேட்டில் எழுதுவார். கம்பனி முழுதுஞ் சென்றாலன்றி இவர் வேறெக் காவற்கடமைக்குஞ் செல்லலாகாது. எக்கணமும் அழைப்புக்கு மறுமொழி கூறத் தங்குமிடத்திலேயே இருத்தல் வேண்டும். குடும்பத்திலே தாய் இருக்குமாறு கம்பனியிலே இவர் இருக்கவேண்டும் என்றே யாம் இதனை வாசித்தோம்.

ஏனைய சார்ஜன்டுகளும் கோப்ரல்களும் செய்யவேண்டியவை பல. கப்டன் தன் கம்பனியை நான்கு சிறுகுழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கீழ்நிலைத் தலைவன் பொறுப்பில் விடுவார். குழுவினரின் உடைக்கும் நடைக்கும் அவனே விடைகூறவேண்டும். புதியவனுக்குப் பயிற்சியின் நுண்பகுதிகளைக் கற்பித்தல், துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டக் காட்டுதல், சச்சரவு எழுந்தால் உடனே அடக்குதல், குற்றஞ் செய்தவனைக் காவலில் வைத்தல் யாவும் அவன்பால. போர்க்களத்திலோ வரிசையின் பின்னே நின்று, வீழ்ந்தவன் விட்ட இடத்தை மற்றொருவனைக் கொண்டு நிரப்பவேண்டும். பேச்சை நிறுத்தி, விரைந்து சரிவரச் சுடச் செய்யவேண்டும். வரிசையின் முன்னே வாளேந்தி நிற்பவனை ஓவியர் தீட்டுவர். பின்னே நின்று இடைவெளியை அடைத்தவனை யார் தீட்டினார்?

இத்துணைப் பொறுப்பு உடையவனை எவ்வாறு தெரிவது? படையின் ஒழுங்கு இவர் நடத்தையையே பெரிதுஞ் சார்ந்திருத்தலால், தகுதியும் நல்லொழுக்கமும் உடையவரையன்றி வேறெவரையும் உயர்த்தலாகாதென நூல் கண்டிப்பாய்க் கூறுகின்றது. நேர்மை, மதுமயக்கமின்மை, கடமையிற் கருத்து, தூய்மை, சுறுசுறுப்பு என்பன வேண்டப்படும் பண்புகள். அவற்றோடு மற்றொன்றும் வேண்டப்பட்டது: ஓரளவேனும் எழுதவும் வாசிக்கவுந் தெரியாதவன் இப்பதவிக்குத் தகுதியில்லாதவன். குலத்தைக் கேட்கவில்லை, செல்வத்தைக் கேட்கவில்லை, எழுத்தைக் கேட்டது. ஐம்பது குடும்பமுள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டுமென மாசாசுசெற்ஸ் 1647ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றியிருந்தது. அவ்வூராசிரியர் பலர்க்குத் தாம் ஒரு படைக்கு ஏடெழுதுவோரை உருவாக்குகின்றோம் என்னும் நினைவு இருந்திராது. எம் தொழிலின் பெருமை பேசுதல் ஈண்டு பொருத்தமன்றெனினும், இவ்விடத்தே சற்று நின்று செல்ல வாசகர் இடந்தருவாராக.

எழுதப்படிக்கத் தெரிந்த தலைவன், தான் எழுதிக்கொடுத்த பத்திரத்தையும் வாசிப்பான். 1781ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் இரவு, நியூ ஜேர்சியிலுள்ள மொரிஸ்டவுன் அருகே பென்சில்வேனியாப் படையினர் கலகஞ் செய்தனர். பல மாதச் சம்பளம் வரவில்லை. வந்த தாட்காசுக்கும் மதிப்பில்லை. மூன்றாண்டு அல்லது போர் முடியும்வரை என்பதற்கு, எது முந்துமோ அதுவரை என வீரர் பொருள்கொண்டனர். எது பிந்துமோ அதுவரை என அதிகாரிகள் பொருள்கொண்டனர். அவ்விரவிலே தடுக்கமுயன்ற கப்டனொருவர் கொல்லப்பட்டார். அக்கொலையை யாம் நியாயப்படுத்தோம். ஆனால் அதன்பின் நடந்தது வியப்புக்குரியது. அதிகாரிகள் விலக்கப்பட்டதும் சார்ஜன்டுகள் தம்முள் ஒரு சபை அமைத்து, பிரின்ஸ்டன் நகருக்குப் படையை ஒழுங்காக நடத்திச் சென்றனர். ஸ்டூபனின் நூல் கற்பித்த ஒழுக்கமே கலகத்துக்கும் பயன்பட்டது.

நியூ யோர்க்கிலிருந்த ஆங்கிலத் தளபதி கிளின்டன் இதனையறிந்து, நிலுவைச் சம்பளத்தைத் தாம் தருவதாக ஆசைகாட்டி இருவரை அனுப்பினார். சார்ஜன்டுகள் அவ்விருவரையும் பிடித்துத் தம் நாட்டதிகாரிகளிடம் ஒப்புவித்தனர். அவர் சனவரி 11ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு வெகுமதியாக நீட்டப்பட்ட பொன்னையும் சார்ஜன்டுகள் ஏற்க மறுத்தனர். யாம் கேட்டது எம் கூலி, காட்டிக்கொடுத்தலுக்கு விலையன்று என்பதே அச்செயலின் பொருள். பென்சில்வேனியா ஆட்சித்தலைவர் யோசப் ரீட் இவர்களோடு பேசி, மூன்றாண்டு முடித்தோர் விலகலாமென இணங்கினார். அப்படையில் ஏறக்குறைய பாதிப்பேர் விலகினர். அவருட் சிலர் பின்னர் மீண்டுஞ் சேர்ந்தனர்.

நியூ ஜேர்சிப் படையினர்க்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அவர் அதே மாதம் 20ஆம் நாள் கலகஞ் செய்தபோது, இனியும் இணங்கினாற் படையே இராதென வாஷிங்டன் அஞ்சினார். ஜெனரல் ரொபேட் ஹோ தலைமையிற் சென்ற படை 27ஆம் நாள் விடியலில் முகாமை வளைத்துக்கொண்டது. டேவிட் கில்மோர், ஜோன் டட்டில் என்னுஞ் சார்ஜன்டுகள் இருவர் சுடப்பட்டனர். சுடும்படி பணிக்கப்பட்டவர் அவர்தம் தோழராகிய கலகக்காரரே. கண்ணீர் விட்டுக்கொண்டு சுட்டனர். கோரிக்கை ஒன்றே; மூன்று கிழமை இடைவெளியில் ஒரு படையின் சார்ஜன்டுகள் பேச்சுக்கு அழைக்கப்பட்டனர், மறு படையினர் பனியிலே முழந்தாளிட்டனர். வாஷிங்டன் செய்தது தேவையென்பர் பலர். தேவையாயிருந்திருக்கலாம். நீதியோவெனின், எமக்கு விடை எளிதாய் வரவில்லை.

அவர் மனத்திலும் அது கிடந்து உறுத்தியதோ யாரறிவார்! 1782 ஓகஸ்டு 7ஆம் நாள் நியூபேர்க்கிலிருந்து அவர் விடுத்த ஆணை வேறொரு தன்மையது. மூன்றாண்டு மாசின்றிச் சேவித்த கீழ்நிலைத் தலைவரும் வீரரும் இடக்கையிலே கோண வடிவான வெண்துணிப்பட்டி ஒன்றும், ஆறாண்டு சேவித்தோர் இரண்டும் அணியலாம். தனிச்செயல் புரிந்தோர்க்கு ஊதாநிறத் துணியாலான இதயவடிவச் சின்னம் மார்பின் இடப்பக்கத்தே அணிய உரிமை உண்டு. ஐரோப்பிய அரசுகளிலே பதக்கம் பெரும்பாலும் பிரபுக்களின் மார்பையே தேடிச்சென்ற காலம் அது. அச்சின்னத்தைப் பெற்றோராக உறுதியாய் அறியப்பட்டோர் மூவரே, மூவருஞ் சார்ஜன்டுகள். எலைஜா சேர்ச்சில் லோங் தீவிலே பகைவர் கோட்டைகளைத் தாக்கியவர். வில்லியம் பிரவுண் யோர்க்டவுன் முற்றுகையிற் காட்டிய துணிவுக்காகப் பெற்றாரெனக் கருதப்படுகின்றது. டானியல் பிஸ்ஸல் ஓடிப்போனவன் போல நடித்து நியூ யோர்க்கினுட் புகுந்து, பகைவர் படையிலேயே சேர்ந்திருந்து, ஓராண்டுக்கு மேலாய் ஒற்றறிந்து மீண்டவர். ஓடுகாலி என்னும் பழியைச் சுமந்த அம்மாதங்களை எண்ணுக. 1932இல் அதே சின்னம் புதுவடிவில் மீண்டும் வழக்கில் வந்தது.

போர் முடிந்தபின் காங்கிரசுக்குப் படை பாரமாயிற்று. 1784 யூன் 2ஆம் நாள் தீர்மானத்தின்படி 80 பேரை மட்டும் நிறுத்தி, ஏனையோரை விலக்கினர். கோட்டைகளிலுள்ள பண்டங்களைக் காப்பதே அவ்வெண்பதின்மர் வேலை. கப்டனுக்கு மேற்பட்ட அதிகாரி ஒருவரும் வேண்டாமென்றனர். நீலநூல் மட்டும் பிழைத்து, 1812ஆம் ஆண்டுப் போர்க்காலம் வரை அந்நாட்டுப் படையின் விதியாய் நிலவிற்று.

நன்றித்திருநாளில் அரைக் கைப்பிடி அரிசி பெற்ற மார்ட்டினை வாசகர் மறந்திரார். 1776இல் பதினைந்து வயதிற் சேர்ந்த அவன், 1780இல் சுரங்கப்படையிற் சார்ஜன்டாய் உயர்ந்தான். 1781 ஒக்ரோபர் 14ஆம் நாள் இரவு, யோர்க்டவுனிலே கோடரியோடு முன்சென்று பகைவரின் மரத்தடைகளை வெட்டி வழிதிறந்தவருள் அவனும் ஒருவன். போருக்குப்பின் மேய்ன் பகுதியிற் குடியேறி நிலந் திருத்தினான்; அந்நிலம் தமதென்று உரிமை கோரியவரோ அவன் முன்னாள் ஜெனரலாகிய ஹென்றி நொக்ஸ். நிலம் அவன் கையிலே நிலைக்கவில்லை. 1818இல் வறியோர்க்கான உபகாரச் சம்பளம் வேண்டி விண்ணப்பித்து, ஆண்டுக்கு 96 டொலர் பெற்றான். 1830இல் தன் நினைவுகளைப் பெயர் குறியாமல் நூலாக அச்சிட்டான். அக்காலத்தில் அதனை வாங்குவோர் அதிகமில்லை. 1850இல் இறந்தான். புரொஸ்பெக்ட் என்னும் அச்சிற்றூரின் எழுத்தராகப் பல்லாண்டு கடமை பார்த்து, ஊரவர் பிறப்பையும் இறப்பையும் ஏட்டிலே பதிந்தவனும் அவனே.